அம்மா உட்காரட்டும்!

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளில், ‘பெண்கள் நலமும் பாதுகாப்பும்’ என்று ஒரு தலைப்பும் இருந்தது. நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து நாலைந்து நூல்களைப் புரட்டினால் எழுதிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். உட்கார்ந்து என்று எழுதும்போதே என் கை சற்றுக் கூசுகிறது. என் அம்மா திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் பதின்மூன்று ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறாள். அதைப் பற்றி எழுதாமல் வேறெதை எழுத?

அப்பா இறந்த மறு ஆண்டு அம்மா அந்த வேலைக்குச் சேர்ந்தாள். எனக்கு அப்போது ஏழு வயது. கடை என்றால் என் மனத்தில் ஒரு மாளிகைதான். குளிர்ச்சியான காற்று வரும்; கண்ணாடிப் படிகள் இருக்கும்; நகரும் படிக்கட்டு இருக்கும்; சிவப்புச் சீருடையில் அம்மா அழகாக இருப்பாள். இரவு வீட்டுக்கு வந்ததும் அவள் சுவரோரம் படுத்துக் காலிரண்டையும் சுவர்மேல் தூக்கி வைத்துக்கொள்வாள். அது அவளுக்குப் பிடித்த விளையாட்டு என்று நினைத்து நானும் பக்கத்தில் படுத்துக் காலைத் தூக்கி வைத்துக்கொள்வேன். எவ்வளவு நாள் அப்படி விளையாடினேன் என்பது இப்போது நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

கல்லூரியில் சேர்ந்த முதலாண்டு தீபாவளிக்குச் சீசன் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் அதே கடையில் பத்தொன்பது நாள் வேலை பார்த்தேன். நைட்டிப் பிரிவு. காலை ஒன்பதரைக்குக் கையெழுத்து. இரவு பத்தேகாலுக்குச் சோதனை முடிந்து வெளியே வர வேண்டும். இடையில் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். மொட்டை மாடிக் கொட்டகையில் பந்திபோல் முறை வைத்துச் சாப்பிடுவோம். அந்த இருபது நிமிடம்தான் நாள் முழுவதிலும் உட்காருவதற்கு உரிமையுள்ள நேரம். சில அக்காக்கள் சோற்றை நாலு வாயில் முடித்துவிட்டு மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பசிக்குச் சோறா, காலுக்கு ஓய்வா என்றால் அவர்கள் காலின் பக்கம்தான்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் குதிகாலில் ஊசி குத்தியது. ஐந்தாம் நாள் செருப்பு வார் பதியுமளவுக்குக் கால் வீங்கியது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மேசைமேல் சாய்ந்தேன். மேற்பார்வையாளர் அண்ணன் ஒன்றும் பேசாமல் மேலே இருந்த காமிராவைக் கையால் காட்டிவிட்டுப் போனார். அன்று ஐம்பது ரூபாய் பிடித்தம். பக்கத்தில் நின்ற அக்கா ஒருத்தி எனக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தாள். கீழ்த்தட்டில் துணிக்கட்டு எடுப்பதுபோல் குனிந்து, அப்படியே அரை நிமிடம் குந்திக்கொள்ள வேண்டும்; எழும்போது கையில் கட்டாயம் ஒரு கட்டு இருக்க வேண்டும். “வெறுங்கையோட எந்திரிக்கக் கூடாது பாப்பா” என்றாள். ஆளில்லாத கடையில் தேவையில்லாத நைட்டிக் கட்டுகளை எத்தனை முறை மேலே எடுத்து வைத்து, மறுபடி கீழே அடுக்கினோம் என்பதற்குக் கணக்கில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமா கூடாதா என்று தயங்கினேன். எழுதாவிட்டால் கட்டுரையே பொய்யாகிவிடும். எங்கள் தளத்துக்குக் கழிப்பறை கிடையாது. நான்காம் மாடியில் பெண்களுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. போவதற்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வந்த நேரம் குறிக்கப்படும். சொல்ல வேண்டிய ஆள் ஆண். ஆகவே அங்கிருந்த பெண்கள் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: தண்ணீர் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு அங்கே தலைவலி மாதிரி. யாருக்கும் அது நோயாகவே தோன்றவில்லை. வெந்தயத்தை மோரில் போட்டுக் குடி, இளநீர் குடி என்று ஒருவருக்கொருவர் கைவைத்தியம் சொல்லிக்கொள்வார்கள். பெண்ணின் சிறுநீர்த்தாரை நீளத்தில் மிகக் குறுகியது. கிருமி எளிதில் பைக்கு ஏறிவிடும். அடக்கி வைப்பதும் நீர் குடியாமல் இருப்பதும் அதற்கு வாசலைத் திறந்துவிடும் என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். மாத விலக்கு நாள்களைப் பற்றி எழுதப் போவதில்லை. படிக்கும் தோழியருக்குத் தெரியும்; தோழர்கள் தங்கள் வீட்டில் கேட்டுக்கொள்ளட்டும்.

அந்தப் பத்தொன்பது நாள் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்தேன். அதே கடையில்தான். வாடிக்கையாளராகப் போனபோது எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள்.

என் அம்மாயி ஒரு செய்தி சொல்வாள். அவள் காலத்து ஜவுளிக்கடைகளில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வாங்குபவரும் உட்காருவார், விற்பவரும் உட்காருவார். புடவை இருவருக்கும் நடுவில் விரியும். இன்றும் பட்டுப் பிரிவுகளில் சில இடங்களில் அந்த மெத்தையைக் காணலாம். மேசையும் கண்ணாடியும் மாடிமேல் மாடியும் வந்த பிறகு விற்பவர் எழுந்து நின்றுவிட்டார். அப்புறம் அவரை யாரும் உட்காரச் சொல்லவேயில்லை. மரியாதை என்று அதற்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. 2010ஆம் ஆண்டில் ‘அங்காடித் தெரு’ படம் வந்தபோது ஊரே பார்த்து அழுதது என்பார்கள். அழுதவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த வருடத் தீபாவளிக்கும் துணி எடுத்திருப்பார்கள். அம்மாவும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள். “கொஞ்சம் கூட்டித்தான் காட்டிட்டாங்க” என்று முதலாளி பக்கம் பேசுவாள்!

சென்ற ஆண்டு ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு அம்மாவின் இடது கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரிப்பெடுத்து, ஒரு சிறு புண் வந்தது. ஆறவேயில்லை. சர்க்கரையோ என்று பயந்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த டாக்டர் அம்மா முதலில் கேட்டதே “எந்தக் கடை?” என்றுதான். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நான் திகைத்தேன். வெளிநோயாளிச் சீட்டின் பின்புறத்தில் ஒரு காலை வரைந்து காட்டினார்கள். இரத்தம் கீழே இறங்குவதற்குப் பாடு இல்லை. மேலே ஏறுவதற்குத்தான் பாடு. நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து, பம்பு போல இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைகளுக்குள் சிறு சிறு கதவுகள் இருக்கின்றன. ஏறிய இரத்தம் திரும்பி இறங்காமல் அவை அடைத்துக்கொள்ளும். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் பம்பு ஓடாது, இரத்தம் தேங்கும், சிரை புடைக்கும், கதவுகள் பழுதாகும். பிறகு அது நீல நீலமாகப் புழுப்போலச் சுருண்டு தெரியும். அதற்கும் பிறகுதான் இந்தக் கறுப்பும் புண்ணும். பிள்ளை பெற்ற பெண்களுக்கு இது இன்னும் விரைவில் வரும். இறுக்கமான காலுறை ஒன்று எழுதிக்கொடுத்துவிட்டு, “தொடர்ந்து நிக்காதீங்கம்மா. அதுதான் மருந்து” என்றார்கள்.

வெளியே வந்ததும் அம்மா சிரித்தாள். “அந்த மருந்து எந்தக் கடையில விக்கிதாம்?” என்றாள்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நிற்காதே என்கிறார் மருத்துவர்; உட்காராதே என்கிறது கடை. நடுவில் இருப்பது கால். இந்த நோய்க்கு மருந்து மருத்துவமனையில் இல்லை; அது சட்டமன்றத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இதை எனக்கு முன்பே கண்டவர் புதுக்கோட்டை தந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஆண்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் இடம் பெற்று, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். நாடி பார்த்துக்கொண்டு நலமாக இருந்திருக்கலாம். ஆனால் 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் கொண்டுவரப் போராடினார். அச்சட்டம் நிறைவேறியதோ 1947இல். இருபது ஆண்டு! தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் 1954இல் அடையாற்றில் மருத்துவமனையாக எழுந்தது. சில நோய்களுக்கு ஸ்டெதஸ்கோப் போதாது என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

இவ்வளவும் எண்ணிக்கொண்டிருந்த நாளில்தான் எங்கள் பேராசிரியை வகுப்பில் தொழிலாளர் சட்டங்களின் வரலாற்றை நடத்தினார். இங்கிலாந்தில் 1899ஆம் ஆண்டிலேயே கடைப் பெண்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தனிச் சட்டம் வந்ததாம். மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்பது அதன் கணக்கு. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி வேண்டும் என்றது. ஆனால் கடை தொழிற்சாலை அல்லவே! மில்லில் நின்றால் கால் வலிக்கும், கடையில் நின்றால் வலிக்காது என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள் போலும். தமிழ்நாட்டில் அந்தக் குறை தீர்ந்தது 2021 செப்டம்பரில். 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு புதுப் பிரிவைச் சட்டமன்றம் சேர்த்தது. பணியாளர் அனைவருக்கும் இருக்கை தர வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்காரலாம்.

நான் எழுந்து நின்று, “இது எப்போதிருந்து மேடம்?” என்று மறுபடியும் கேட்டேன். 2021 என்றார். அப்படியானால் நான் நைட்டிப் பிரிவில் நின்ற பத்தொன்பது நாளும் சட்டம் உட்காரச் சொன்ன நாள்கள்!

அதே 2021 மே மாதத்தில் நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்ற ஆணை வந்தது. மே 7 கையெழுத்து; மறுநாளே அம்மா காசில்லாமல் ஏறினாள். நான்கு மாதம் கழித்து வந்த சட்டமோ எங்கள் கடை வாசலைத் தாண்டவில்லை. ஏன்? பேருந்து அரசினுடையது, ஸ்டூல் முதலாளியினுடையது. அரசு தன் கையில் உள்ளதைக் கொடுப்பதற்கு ஓர் ஆணை போதும். இன்னொருவர் கையில் உள்ளதை வாங்கித் தர வேண்டுமென்றால், வாசலில் வந்து கேட்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் யார்?

கேரளத்தில் அந்த ஆள் ஒரு தையல்காரப் பெண். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தைத்துக்கொண்டிருந்த விஜி என்பவர், கடைப் பெண்களைத் திரட்டிப் ‘பெண்கூட்டு’ என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது இருக்கையைக் கூட அல்ல, கழிப்பறையை. பின்னர் உட்காரும் உரிமை. 2014 இறுதியில் திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்கள் தொடங்கிய போராட்டம் நூறு நாள்களுக்கு மேல் நீண்டது. 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. அந்த ஆண்டு பி.பி.சி. வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது. நம் சட்டத்துக்கு வழி காட்டியது அந்தத் திருத்தம்தான்.

இதையெல்லாம் அம்மாவிடம் ஒரே மூச்சில் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அந்த நூறு நாள் சம்பளம் யாரு குடுத்தா?” என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததால் எனக்குக் கோபம் வந்தது. உங்களைப் போன்றவர்களால்தான் ஒன்றும் நடப்பதில்லை என்றேன். மனு எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போடு என்றேன். அம்மா மெதுவாகத்தான் சொன்னாள்: “நீ படிச்சிட்டு வேலைக்குப் போயிருவ பாப்பா. இந்த வயசுக்கு மேல நா எங்க போயி நிக்கிறது?”

இழப்பதற்கு ஒன்றுமில்லாத நான், எல்லாவற்றையும் இழக்கக் கூடியவளிடம் வீரம் கேட்டிருக்கிறேன். என் தேர்வுக் கட்டணமே அவள் நின்று சம்பாதித்தது. அன்றிரவு அவள் சுவர்மேல் காலை வைத்துப் படுத்திருந்தபோது, மனுவைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். சீசன் வேலை பார்த்தவள் என்ற முறையில் என் பெயரில், என் கையெழுத்தில் ஐந்தே வரி. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று கொடுத்தேன். பதிவு எண் கொடுத்தார்கள். மனு தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டதாகக் கைப்பேசிக்குச் செய்தி வந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும், அதிகாரிகள் வந்தார்கள். ஒரு மாதத்துக்குள் வந்தார்கள். மறுநாளே தளத்துக்கு ஏழு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. ஒரு தளத்தில் முப்பது பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். முதல் வாரம் யாரும் உட்காரவில்லை. யார் முதலில் உட்காருகிறார்கள் என்று பார்க்க எல்லோரும் காத்திருந்தார்களாம், மேற்பார்வையாளர் உட்பட. இரண்டாம் வாரம் ஸ்டூல்மேல் துணிக்கட்டுகள் ஏறின. துணி உட்கார்ந்தது, ஆள் நின்றது. மனுவில் யார் பெயர் இருந்தது என்பதும் எப்படியோ தெரிந்துவிட்டது. அம்மாவை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. விற்பனைத் தளத்திலிருந்து மேல்மாடிக் கிடங்குக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். விற்பனைக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை போயிற்று. அம்மா என்னோடு மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், “கிடங்குல காமிரா இல்ல, கட்டு மேல உக்காந்துக்கலாம்” என்றாள். அது சமாதானமா, குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கதையில் எனக்குத் தெம்பு தந்தது வேறொன்று. அம்மா இறங்கும் ஊர் நிறுத்தத்தில் விளக்குக் கிடையாது. கடைசிப் பேருந்தில் அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் இறங்கி, கருவேலங்காட்டு ஓரமாக அரை மைல் நடக்க வேண்டும். ஆள்கள் பின்தொடர்ந்து பேசிக்கொண்டே வந்ததுண்டு. நான்கு பேரும் கைகோத்துக்கொண்டு உரக்கக் கதை பேசியபடி வருவார்கள். 2019இல் கடைகளை இருபத்து நான்கு மணி நேரமும் திறக்க அனுமதி தந்த அரசாணையில், இரவு எட்டு மணிக்கு மேல் பெண்களை வேலையில் வைப்பதானால் அவர்களின் எழுத்து மூலமான ஒப்புதலும் போதிய பாதுகாப்பும் வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டாயா என்று அம்மாவைக் கேட்டேன். “என்னென்னமோ தாளுல போட்டிருக்கேன்” என்றாள். ஒப்புதல் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பாதுகாப்பு எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. மே முதல் நாள் கிராம சபையில் அந்த நான்கு பெண்களும் எழுந்து விளக்குக் கேட்டார்கள். அம்மாதான் பேசினாளாம். தீர்மானப் புத்தகத்தில் ஏறி, இரண்டு மாதத்தில் கம்பத்தில் விளக்கு எரிந்தது. கடையில் வாய் திறவாத அம்மா ஊரில் எப்படிப் பேசினாள்? ஊரில் அவள் வாக்காளர். கடையில் அவள் கூலியாள். வித்தியாசம் அவ்வளவே என்று நினைக்கிறேன்.

ஆகவேதான் கேட்கிறேன்: கடைக்குள்ளும் அவள் வாக்காளராகவே இருப்பதற்கு என்ன வழி? சட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அதைப் பார்வையிட எத்தனை அதிகாரிகள், எத்தனை கடைக்கு ஒருவர், மீறினால் தண்டம் எவ்வளவு, புகார் சொன்னவரை மாற்றினால் அதற்கு என்ன பரிகாரம் என்று ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் நாம் கேட்க வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைக்கு உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதன் உறுப்பினர் யாரென்று எங்கள் கடையில் ஒருவருக்கும் தெரியாது. சாலை போட்டுத் தருகிறோம், குழாய் போட்டுத் தருகிறோம் என்று எங்கள் தெருவுக்கு வந்தவர்கள் யாரும் ஸ்டூலைப் பற்றிப் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் வகுப்புகளிலேயே கல்லூரி முடிந்ததும் கடைக்கு ஓடும் நண்பர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கும் 22-அ பிரிவு உண்டு. சட்டம் பணியாளர் என்றுதான் சொல்கிறது. ஆண், பெண் என்று பிரிக்கவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, எனக்குக் குந்தும் வித்தை சொல்லிக்கொடுத்த அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். இன்னும் இருவர் உடன் வந்தார்கள். “பாப்பா, அந்த ஸ்டூலு மேல உள்ள துணிய எறக்கச் சொல்லி ஒரு மனு எழுது. அப்படியே பாத்ரூமையும் சேத்துக்க” என்றாள். எழுதினேன். ஆறு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை ஆறு பேரும் ஒன்றாகப் போய்க் கொடுப்பதென்று பேச்சு.

அம்மா அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாள். நேற்று இரவு காலைச் சுவர்மேல் வைத்துக்கொண்டு, இந்த வாரம் தன் வார விடுமுறையைத் திங்கட்கிழமைக்கு மாற்றி வாங்கியிருப்பதாகச் சொன்னாள். எதற்கென்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.